ரிப்பீட்டு அக்காவும் கோட்டை ஆட்டமும்

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். அதற்கு மேல் படித்தவர்கள்தான் இன்று என் அறுபத்திரண்டு டாக்சிகளையும் ஓட்டுகிறார்கள். கார் கழுவும் வாளியோடு இந்தத் தொழிலுக்கு வந்தேன். அந்த வாளியை இன்னும் வைத்திருக்கிறேன், யார் வந்தாலும் காட்டுவேன். நிறுவனத்தின் முப்பதாம் ஆண்டு மலருக்கு ஓர் ஊழியரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். என் மகள், "நீங்க சொல்லுங்கப்பா, நான் எழுதறேன்" என்றாள். தேவையில்லை என்று நானே உட்கார்ந்துவிட்டேன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சகத்தார் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

நான் எழுதப்போவது எங்கள் வயர்லெஸ் அறையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்மணியைப் பற்றி. இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி. துணி மட்டும் இரண்டு முறை மாற்றினோம். டிரைவர்கள் அவரை ரிப்பீட்டு அக்கா என்பார்கள். நானும் ரிப்பீட்டு என்றே எழுதுகிறேன். சொந்தப் பெயரைப் போட்டால், "யாரு இது?" என்று எங்கள் ஆட்களே கேட்பார்கள்.

வேலை கேட்டு வந்தபோது அவருக்கு இருபத்து நாலு வயது. இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளை. குரல் மெல்லியது. இரைச்சலில் இந்தக் குரல் எடுபடாது என்று நான் சொன்னதாகவும், என் மனைவிதான் பிடிவாதமாக வேலை போட்டுக் கொடுத்ததாகவும் அலுவலகத்தில் ஒரு கதை உலவுகிறது. யோசனை என் மனைவியுடையதாக இருக்கலாம். முடிவு என்னுடையது.

வயர்லெஸ் அறை, கார் கழுவும் கொட்டகைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிறது. ஆறு நாற்காலி, ஆறு காது மாட்டி, சுவரில் வண்டி எண்கள் தொங்கும் பலகை. ஒவ்வொரு மேஜைக்கும் கீழே ஒரு கால்மிதி உண்டு. அதை மிதித்துக்கொண்டு பேசினால் அறுபத்திரண்டு வண்டிக்கும் கேட்கும். காலை எடுத்தால் அறைக்குள் மட்டும் கேட்கும். ஊரே போனில் ஆப்பு ஆப்பு என்று டாக்சி பிடிக்க ஓடியபோதும் நான் கால்மிதியை விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் வயசாளிகளும் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். குரல் கேட்டால் அவர்களுக்குத் தைரியம்.

ரிப்பீட்டு வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு தவறு நடந்தது. ஆஸ்பத்திரிக்கு முன்வாசல், பின்வாசல் என்று இரண்டு உண்டு. நிறைமாதக்காரி ஒருத்தி பின்வாசலில் மழையில் நிற்க, நம் வண்டி முன்வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. டிரைவர், "நீ பின்வாசல்னு சொல்லவே இல்ல" என்றான். இவர், "சொன்னேன்" என்றார். யார் சொல்வது சரி என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அன்று முதல் யார் எது பேசினாலும் அவர் ஒன்று சொல்வார்: "திருப்பிச் சொல்லுங்க." டிரைவர் திருப்பிச் சொல்லியாக வேண்டும். சொன்னால், "வாங்கிட்டேன்" என்பார். அதற்கப்புறம்தான் வண்டி நகரும்.

நெரிசலில் மாட்டிக்கொண்ட டிரைவர்கள் வயர்லெஸ்ஸில் கத்துவார்கள். சிலர் கெட்ட வார்த்தையே பேசுவார்கள். அதற்கும் அவரிடம் அதே பதில்தான். ஒரு நாள் கேட்டேன், "ஏம்மா, திட்டறவனையுமா திருப்பிச் சொல்லச் சொல்றீங்க?"

"முதலாளி, முதல் தடவ அவங்க கோபம் பேசும். ரெண்டாவது தடவ பாதி சூடு போயிடும். மூணாவது தடவ சொல்றப்பதான் அவங்க சொல்றது அவங்க காதுலயே விழும். அதுக்கு மேல யாரும் போனதில்ல."

மலைப்பாதையில் மூடுபனி இறங்கிய ஒரு காலை, நாற்பதாம் எண் வண்டி பேசுவதை நிறுத்திவிட்டது. "பேட்டரி போயிருக்கும், வந்துருவான்" என்று எல்லாரும் சொன்னோம். ரிப்பீட்டு மட்டும் எழுந்திருக்கவில்லை. ஆறு மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தரம், "நாப்பது, இடம் சொல்லுங்க" என்று ஒரே குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டரைக்குப் பதில் வந்தது. "வாங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அவர் புருஷனும் எங்கள் டிரைவர்தான், பதினேழாம் எண் வண்டி. லைனில் உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது ரிப்பீட்டு போட்ட இன்னொரு சட்டம். அதனால் இருபத்திரண்டு வருடமாகப் புருஷனை, "பதினேழு, இடம் சொல்லுங்க" என்றுதான் கூப்பிடுகிறார். வீட்டிலும் பழக்கம் விட்டுப்போகவில்லையாம். "நைட்டு சோத்துக்கு உக்கார்ந்தாக்கூட 'இன்னும் வேணுமா, திருப்பிச் சொல்லுங்க'ன்னு கேக்கறா முதலாளி" என்று பதினேழு புலம்புவான். ஆள் நன்றாகக் குண்டானதற்கு அதுதான் காரணம் என்பது மற்ற டிரைவர்களின் கணிப்பு.

மகன் பள்ளிவிட்டு நேராக வயர்லெஸ் அறைக்குத்தான் வருவான். அம்மாவின் கால்மிதிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். இன்று அவனுக்கு இருபத்து மூன்று வயது. வெகுதூரத்தில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. கதை இங்கேதான் தொடங்குகிறது.

தினமும் சாயங்காலம் மகன் போன் பண்ணுவான். "சாப்டியா?" "சாப்டேன்." "வேலை?" "போகுது." இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அந்த இரண்டு நிமிடமும் கிடையாது. அந்த நேரம் அவன் நண்பர்களோடு போனில் ஓர் ஆட்டம் ஆடுவான். பக்கத்துக்கு ஐந்து பேர், இரண்டு கோட்டை, நடுவில் மூன்று பாதை, பாதையெல்லாம் காவல் கோபுரங்கள். எதிராளி கோட்டையை உடைத்தால் வெற்றி. ஆடுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே ஆடலாம். ஓர் ஆட்டம் நாற்பது நிமிடம் போகும்.

"நாப்பது நிமிஷம் முதலாளி" என்றார் ரிப்பீட்டு. "அவனோட நாப்பது நிமிஷம் பேசி நாலு வருஷம் ஆச்சு. நான் அந்த ஆட்டத்துக்குள்ள போனா, என்கூட இருந்துதானே ஆகணும்?"

மகனிடம் கேட்டிருக்கிறார். அவன், "வேண்டாம்மா, அது நல்ல இடம் இல்ல. நீ வராத" என்று சொல்லிவிட்டான். அதோடு ஆட்டத்திலும் ஒரு விதி இருந்தது. புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் படியிலிருந்து முன்பின் தெரியாத ஆட்களோடு ஆடி, பத்தாம் படி ஏற வேண்டும். ஏறினால்தான் மேலே இருக்கும் நண்பர்கள் குழுவில் சேரலாம். ரிப்பீட்டு மகனிடம் சொல்லாமலே இறங்கிவிட்டார். பத்தாம் படி ஏறிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று அவன் முன்னால் போய் நிற்பது என்று திட்டம். ஆட்டத்தில் தனக்கு வைத்துக்கொண்ட பெயர், "மூணாம் சீட்".

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த விதம் வேறு.

ஒரு ஞாயிறு மதியம் என் காரில் ஒரு பெரிய மனிதரை வைத்துக்கொண்டு, என் வளர்ச்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். திடீரென்று வயர்லெஸ்ஸில் ஒரு பையன் குரல் அலறியது: "ஏய் எருமை! கண்ணு பொடனியிலயா இருக்கு? அங்க எவன் உன்னைப் போகச் சொன்னான்?"

பெரிய மனிதர் என்னைப் பார்த்தார். அடுத்து ரிப்பீட்டின் குரல், எப்போதும் போல் மெதுவாக: "தகவல் தெளிவா வரல. திருப்பிச் சொல்லுங்க."

"எருமைன்னு சொன்னேன்!"

"இன்னொரு தடவ."

"எரு... எருமை."

"எருமை. வாங்கிட்டேன். இப்ப நீங்க எங்க இருக்கீங்க? என்ன தேவை?"

பிறகு அந்தப் பையனே இறங்கிய குரலில், "வலப்பாதைல இருக்கேன்... ரெண்டு பேர் அடிக்கறாங்க... யாராச்சும் வாங்க" என்றான்.

நடந்தது இதுதான். ஓய்வு நேரத்தில் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து, போனில் ஸ்பீக்கர் போட்டு ஆடியிருக்கிறார். பேச வாய் திறந்ததும் கால் தானாக மிதித்து, அப்படியே நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஆட்டத்தில் விழுந்த வசவெல்லாம் அறுபத்திரண்டு வண்டிக்கும், அதில் இருந்த சவாரிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. டிரைவர்கள் சும்மா இருப்பார்களா?

"அக்கா, யாரு அவன்? இடம் சொல்லுங்க, பதினஞ்சு வண்டி கிளம்புது."

"அக்கா, எருமையை ஏத்த நம்ம கார்ல இடம் பத்தாதே."

பதினேழு மட்டும், "அவள எருமைன்னு ஒருத்தன் திட்டி நான் கேட்டதே இல்ல. இன்னொரு தடவ திருப்பிச் சொல்லச் சொல்லுங்க" என்றான்.

நான் கோபத்தோடு மாடி ஏறினேன். இனி இந்த அறையில் ஆட்டம் கூடாது என்று சொல்லத்தான் போனேன். ரிப்பீட்டு எழுந்து நின்று, மகன், நாற்பது நிமிடம், பத்தாம் படி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "தப்பு என்னோடது முதலாளி. கால் பழக்கம்" என்றார். நான் யோசித்தேன். முடிவெடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. "ஆடுங்க. கால மட்டும் பாத்துக்குங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே ரிப்பீட்டின் மேஜைப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அந்த ஆட்டத்தில் இறங்கினேன். அறுபத்திரண்டு வண்டியை நடத்துகிறவனுக்கு ஒரு கோட்டை பெரிதா? என் பெயர் "முதலாளி". நாலே நிமிடம். அதற்குள் என்னைக் கிழவன் என்றார்கள், முட்டுக்கட்டை என்றார்கள், ஆட்டத்தை அழித்துவிட்டுப் போய்ப் படுக்கச் சொன்னார்கள். இன்னும் சில சொன்னார்கள், அவை மலரில் அச்சேறாது. முப்பது வருடமாக என்னை ஒருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போனை அணைத்துவிட்டு, எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

ரிப்பீட்டு அசரவில்லை. ஞாயிற்றுக்கு ஞாயிறு இரண்டு மணிக்கு உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு நோட்டு. வண்டிகளுக்கு எழுதுவது போலவே, புதிதாக யார் வந்தார்கள், யார் எப்போது போனார்கள் என்று எழுதினார். ஐந்து ஞாயிறு முடிந்ததும் என்னிடம் காட்டினார்.

"முப்பத்தோரு புதுப் பேர் பாத்தேன் முதலாளி. திரும்பி வந்தது நாலே பேர். நம்ம பாஷை பேசற புதியவங்க இந்த நேரத்துல அம்பது பேர்கூட தேற மாட்டாங்க. அதனால திரும்பத் திரும்ப அதே முகங்கதான். அவங்க ஆட்டம் பிடிக்காம போகல. பேச்சு பிடிக்காம போயிருக்காங்க."

"திட்டறவன் மட்டும் போகவே மாட்டானா?"

"அவனுக்கென்ன, சொகுசா இருக்கான்."

திரும்பி வந்த நாலு பேரில் ஒருவரின் பெயர் முயல்குட்டி. ஆணா பெண்ணா, எந்த வயது என்று தெரியாது. தொண்டையைச் செருமிவிட்டுப் பேசும் ஆள். ஆட்டம் சுமார்தான். ஆனால் மூன்று ஞாயிறாகத் தவறாமல் வந்தது. யாராவது திட்டினால் "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஆடும். ரிப்பீட்டுக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "புது டிரைவர் மாதிரி முதலாளி. பயம் இருக்கு, ஆனா ஸ்டியரிங்க விடல" என்றார்.

ஆறாவது ஞாயிறு. ரிப்பீட்டு ஒன்பதாம் படியில் இருந்தார். இன்னும் ஒரு வெற்றி கிடைத்தால் பத்து. பலகையைச் சரிபார்க்கிற சாக்கில் நானும் அறையில் இருந்தேன். அவர் பக்கத்து ஐந்து பேரில் முயல்குட்டி இருந்தது. கருந்தேள் என்று ஒரு புதுப் பெயரும் இருந்தது. புதுப் பெயர்தான், ஆனால் ஆட்டம் புதியவன் ஆட்டம் இல்லை. தனியாளாக மூன்று பேரை அடித்துப்போட்டான். இப்படி ஒரு கூட்டம் உண்டு என்று ரிப்பீட்டு முன்பே சொல்லியிருந்தார். நாற்பதாம் படியில் இருப்பவர்கள் வேறு பெயரில் சின்னக் கணக்குத் தொடங்கி, கீழே இறங்கி வந்து புதியவர்களை மிதிப்பார்களாம். மேலே திட்டு வாங்கிய லாரிக்காரன் வழியில் சைக்கிள்காரனை உரசிவிட்டுப் போவது மாதிரிதான்.

பத்தாவது நிமிடம் முயல்குட்டி பாதை மாறிப் போய் அடிபட்டது. கருந்தேள் வாய் திறந்தான்.

"முயலு, உனக்குக் கை இருக்கா, இல்ல காலால ஆடறியா? யாரு உனக்குப் போன் வாங்கிக் குடுத்தது?"

ரிப்பீட்டின் விரல் திரையில் அப்படியே நின்றது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

"மன்னிச்சுக்குங்க, நான் இப்பதான் கத்துக்கிட்டு..." என்றது முயல்குட்டி.

"வாய மூடு. கத்துக்கற மூஞ்சியா அது? உன்ன மாதிரி தண்டத்தாலதான் இந்த ஆட்டமே நாசமாப் போச்சு. ஆட்டத்த அழிச்சிட்டு ஓடு. திரும்பி வராத."

முயல்குட்டி பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி சாம்பலாயிற்று. போய்விட்டது.

"ஒண்ணு தொலைஞ்சுது. ஏய் மூணாம் சீட்டு, நீ என்ன பொம்மை மாதிரி நிக்கற? நீயும் கிளம்பு."

அப்போது ஒரு காரியம் பார்த்தேன். ரிப்பீட்டு தன் இரண்டு காலையும் கால்மிதியை விட்டு இழுத்து, நாற்காலிக்கு அடியில் பின்னிக்கொண்டார். ஒரு வண்டிக்கும் கேட்கக் கூடாது, முக்கியமாகப் பதினேழுக்குக் கேட்கக் கூடாது என்று. அந்தக் காலைப் பார்த்த பிறகுதான் கருந்தேளின் குரல் யாருடையது என்று எனக்கு உறைத்தது. என் மாடிப் படியில் ஏறி இறங்கி வளர்ந்த குரல்.

ரிப்பீட்டு, ஒரு துளிகூட உயராத அதே குரலில் சொன்னார்:

"தகவல் தெளிவா வரல. திருப்பிச் சொல்லுங்க."

இத்தனை வருடத்தில் அவர் கேட்டு இரண்டாவது தடவை சொல்லாமல் இருந்தவர்கள் கிடையாது. இவனால் முடியவில்லை.

"...அம்மா?"

"லைன்ல உறவு கூப்பிடக் கூடாது. இடம் சொல்லுங்க."

"நடுப்பாதை." குரல் பத்து வயதுக்கு இறங்கியிருந்தது. "ரெண்டாவது கோபுரம்."

"திருப்பிச் சொல்லுங்க."

"நடுப்பாதை. ரெண்டாவது கோபுரம்."

"வாங்கிட்டேன். நான் இடப்பக்கமா வர்றேன்."

நாலு பேராக ஆடி, ஐந்து பேரை ஜெயித்தார்கள். அவன் ஆட்டம் அப்படி. திரையில் பட்டாசு மாதிரி என்னவோ வெடித்து, பத்தாம் படி என்று பெரிதாக எழுத்து வந்தது. ரிப்பீட்டு அதைப் பார்க்கவே இல்லை. நோட்டை எடுத்து, "முயல்குட்டி, இரண்டு இருபத்தாறு, லைனில் இல்லை" என்று எழுதினார்.

உடனே போன் வந்தது. அவர் மாடிப்படிக்குப் போனார். நாள் முழுக்கக் காது மாட்டி அழுத்துவதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நான் ஒட்டுக்கேட்கவில்லை. என் கட்டடம், என் படிக்கட்டு, அங்கே நின்றேன், அவ்வளவுதான்.

"ஏம்மா அங்க வந்த? நான்தான் சொன்னேன்ல, அது நல்ல இடம் இல்லன்னு!"

"சொன்ன. யாரால நல்ல இடம் இல்லன்னு சொல்லல."

"மூணு வாரமா மேல தோத்துட்டே இருந்தோம்மா. அவனுங்க என்னை என்னென்ன சொன்னானுங்க தெரியுமா? அந்தக் கடுப்புல..."

"உனக்கு வந்த சுமைய அந்த ஆள் வண்டில ஏத்திட்ட."

"சாரிம்மா."

"எனக்கு எதுக்குடா? நான் இருபத்திரண்டு வருஷமா டிரைவருங்ககிட்ட திட்டு வாங்கறேன். அந்த ஆளுக்குப் பழக்கமில்ல."

"சரிம்மா, விடு. நீ பத்து வந்துட்டல்ல? ஆறு வாரமா எனக்குத் தெரியாம ஆடினியா? நெஜமாவே பெரிய விஷயம்மா அது. வா, அடுத்த வாரத்துலேர்ந்து எங்க டீம்லயே ஆடு. உன்னை ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான், நான் பாத்துக்கறேன்."

இதற்காகத்தான் அவர் ஆறு ஞாயிறு வசவு வாங்கினார். கேட்டது கைக்கு வந்துவிட்டது. சரி என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. படிக்கட்டின் கைப்பிடியை அவர் இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன்.

"இல்லடா. ஒரு வண்டி லைன்ல இல்ல. அது வர்ற வரைக்கும் நான் கீழதான் இருப்பேன்."

"அம்மா, அது யாருன்னே தெரியாதும்மா!"

"தெரிஞ்சவங்கள மட்டும்தான் தேடுவோமா?"

"அது வரவே இல்லன்னா?"

"இடத்துலயே இருப்பேன்" என்றார். அதில் கோபம் இல்லை. நாற்பதாம் எண் வண்டியைக் கூப்பிட்டாரே, அந்தக் குரல்.

கூட ஆடினவர்களுக்குச் செய்தி அனுப்ப அந்த ஆட்டத்தில் வசதி உண்டு. மகன் அன்றே முயல்குட்டிக்கு ஒன்று எழுதி, அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் படித்துக் காட்டினான். தோல்வி, கடுப்பு, வேலைக் களைப்பு என்று நீளமாக இருந்தது. "ஏன் சொன்னேன்னு எழுதாத. என்ன சொன்னேன்னு எழுது" என்றார் ரிப்பீட்டு. இரண்டாவது தடவை எழுதியது நாலு வரி. அவன் சொன்ன வார்த்தைகளை அவனே எழுதி, இதெல்லாம் நான் சொன்னது, தப்பு, நீங்கள் ஆடின விதத்தில் குறை இல்லை, ஞாயிறு இரண்டு மணிக்கு நாங்கள் இருப்போம் என்று. அனுப்பினார்கள். பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிறு மகன் நண்பர்களை விட்டுவிட்டு, அதே சின்னக் கணக்கோடு கீழே இறங்கி வந்து அம்மாவோடு உட்கார்ந்தான். பதினேழும் சவாரி முடித்து ஸ்டாண்டில் நின்றபடி போனில் சேர்ந்துகொண்டான். பத்தாம் படி ஏறியவர் கீழேயே புதியவர்களைச் சேர்த்து ஒரு குழு நடத்தலாம், அதற்கு ஐந்து பேர் வேண்டும். ரிப்பீட்டு நோட்டைப் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"முதலாளி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"உங்களையும் காணாமப்போன வண்டின்னுதான் எழுதி வச்சிருக்கேன்."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். "முதலாளி, நாலு நிமிடம், லைனில் இல்லை." இந்த ஊரில் என்னைப் பற்றி இப்படி எழுத இன்னொருவருக்குத் துணிச்சல் வராது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நாங்கள் நாலு பேர். ஐந்தாவது இடத்துக்கு ஆட்டமே யாராவது ஒரு புதியவரைக் கொண்டுவந்து போடும். வந்தவர் தடுமாறினால் மகன்தான் முதலில், "பரவால்ல, இடம் சொல்லுங்க" என்பான். திட்டத் தெரிந்தவர்களும் வந்தார்கள். ஒருவன் என்னைக் கிழட்டு மாடு என்றான். ரிப்பீட்டு வாய் திறப்பதற்குள் மகன், பதினேழு, நான் மூன்று பேரும் சேர்ந்து, "திருப்பிச் சொல்லுங்க" என்றோம். அவன் சிரித்துவிட்டான். அடுத்த வாரமும் வந்தான். ரிப்பீட்டின் நோட்டில் திரும்பி வந்தவர்கள் பக்கம் பதினொன்று ஆயிற்று. முயல்குட்டி வரி மட்டும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் தொடங்கும் முன் மகன் அந்தப் பெயரைத் தட்டிப் பார்ப்பான். சாம்பல் புள்ளி. அம்மா ஒன்றும் கேட்க மாட்டார். அவனே, "இல்லம்மா" என்பான்.

நாலாவது ஞாயிறு, இரண்டு பன்னிரண்டு. ஐந்தாவது இடத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"வணக்கம். நான் அன்னிக்குப் பாதியில போயிட்டேன். செய்தி வந்துச்சு, படிச்சேன். எனக்கு இன்னும் சரியா ஆட வராது. பரவால்லயா?"

நான் பேச வாயெடுத்தேன். ரிப்பீட்டு கையைக் காட்டி நிறுத்தினார். இது யார் பேச வேண்டிய இடம் என்று அவருக்குத் தெரியும்.

"முயல்குட்டி," என்றான் மகன். "தகவல் தெளிவா வந்துச்சு. நீங்க வந்ததே போதும்."

"எங்க நிக்கணும்னே தெரியல."

"என் பக்கத்துல நில்லுங்க. இடப்பாதை, முதல் கோபுரம்."

"திருப்பிச் சொல்லுங்க" என்றார் ரிப்பீட்டு.

"உங்க பக்கத்துல. இடப்பாதை, முதல் கோபுரம்."

"வாங்கிட்டேன்."

நோட்டை எடுத்து அந்த வரியின் எதிரே நேரத்தை எழுதினார். அப்போது அவர் கால் தன்னை மறந்து மிதியை அழுத்திவிட்டது. அறுபத்திரண்டு வண்டியிலும், "முயல்குட்டி லைன்ல வந்தாச்சு" என்று அவர் குரல் கேட்டது. யார் அந்த முயல் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வண்டியாக, "வாங்கிட்டேன்", "வாங்கிட்டேன்" என்று பதில் வந்துகொண்டே இருந்தது.

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். முயல்குட்டியால் இல்லை. நான்தான் பாதை மாறிப் போனேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அச்சுக்குப் போகும் முன் ரிப்பீட்டிடம் படித்துக் காட்டினால், "அந்த இடம் தெளிவா வரல முதலாளி, திருப்பிச் சொல்லுங்க" என்பார். அதனால் எழுதிவிட்டேன்.